காசு வேறு, கேஷ் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில், 'ஆங்கிலக் கேஷ் நம் காசிலிருந்து பிறந்தது என்பதில் ஐயமில்லை' என்று அச்சிட்டிருந்தீர்கள். ஐயம் தங்களுக்கு இல்லாமல் இருக்கலாம், அகராதிகளுக்கு இருக்கிறது.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், 'காப்சா' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது என்பதும், முதலில் பணப்பெட்டியைக் குறித்து, பின்னர் பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கு ஆகுபெயராயிற்று என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. மருந்துக்கடையில் வாங்கும் கேப்சூலும் அதே குடும்பம்தான்.

நம் காசிலிருந்து போன கேஷும் ஒன்று உண்டு. அது வேறு சொல். போர்த்துக்கீசியர் காசைக் 'காய்ஷா' என்று வழங்க, அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றுச் சிறு நாணயங்களுக்குப் பெயராக்கினர். கம்பெனியார் காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்னும் பொற்காசு. 1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை இதுவே நடப்பு. என் தந்தையார் விட்டுச்சென்ற 1808ஆம் ஆண்டுச் செப்புக்காசில், பாரசீக எழுத்துகளுக்குக் கீழே 'இருபது கேஷ்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பதை இன்றும் காட்டுவேன். ஒலி ஒன்றானதால் இரண்டும் ஒரே எழுத்தில் வந்து விழுந்தன, அவ்வளவே. (காசுக்கே, எடையளவைக் குறிக்கும் வடமொழிக் கர்ஷத்தோடு உறவு சொல்வோர் உண்டு, அந்த வழக்குக்கு நான் வரவில்லை.)

முப்பத்தோராண்டுகள் வங்கியில் காசாளராக இருந்தவன் நான். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு வார இதழை நம்பி, பயிற்சி வகுப்பில் எழுந்து நின்று இதையே பெருமையாகச் சொன்னேன். பயிற்சியாளர் மறுபேச்சின்றி அலமாரியிலிருந்து அகராதியை எடுத்து என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். அன்று எழுந்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. தங்கள் மலரைக் கத்தரித்து வைத்திருக்கும் பிள்ளைகளில் எவருக்கு அந்த முறை வரப்போகிறதோ.

கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் நம்மிடமிருந்தே ஆங்கிலத்துக்குப் போனவை. அவற்றுக்கு ஒரு வரி ஒதுக்க மனம் வராத தாங்கள், வெண்பாவின் ஈற்றுச் சீருக்கே வாய்பாடாக நிற்கும் காசுக்கு இலண்டனில் சம்பந்தம் தேடுகிறீர்கள். அதே இதழின் வணிகப் பக்கத்திலோ 'கேஷியர்', 'கேஷ் கவுன்ட்டர்', 'கேஷ்பேக்'! காசாளர் என்ற நல்ல சொல் இருக்கிறதே என்று ஈராண்டுக்கு முன் எழுதிய கடிதம் வெளியாகவில்லை. இடநெருக்கடி என்றே கொண்டேன். அந்த வாரம் ராசிபலனுக்கு இரண்டு பக்கம் தேவைப்பட்டிருந்தது.

வருத்தம் தெரிவிக்குமாறு கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், 'ஐயமில்லை' என்ற சொல்லை நீக்கிப் படிக்கவும் என்று ஒரு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காசாளர் ஒருவர்,
கும்பகோணம்.