மேஜையில் தெரியாத இரத்தக் கணக்கு

அழகாபுரம்,
சேலம்.

அன்புள்ள மல்லிகா,

இங்கு நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. காபித் தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த எண்பது வயதுப் பாட்டியைப் பற்றி நீ கேட்டிருப்பது, எங்கள் அறுவை அரங்கிலும் அடிக்கடி எழும் கேள்விதான்: இந்த வயதில் எவ்வளவு இரத்தம் போனால் தாங்குவார், அதைக் குறைக்க என்ன வழி? மயக்க மருந்து கொடுப்பவளாக நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். எலும்பு மருத்துவர்கள் சிலர் இதை முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அறுவையின்போது இரத்தம் ஒற்றி நனைந்த துணி மாப்புகளை எடை போட்டு, உலர்ந்த எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று கணக்கிடுகிறோம். காயத்திலிருந்து உறிஞ்சி சக்ஷன் பாட்டிலில் சேர்ந்ததிலிருந்து, கழுவ ஊற்றிய சலைன் என்னும் உப்பு நீரைக் கழிக்கிறோம். பெரும்பாலும் சிறிய எண்தான் வரும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் இரண்டாம் மூன்றாம் நாள் வார்டில் போய்ப் பார்த்தால் தொடை வீங்கிப் பளபளத்து, முழங்கால் வரை நீலம் பாரித்திருக்கும். ஹீமோகுளோபினும் அந்த எண்ணுக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு இறங்கியிருக்கும். தொடை எலும்பின் கழுத்தில் முறிந்தால் மூட்டைச் சூழ்ந்த உறை கசிவை ஓரளவு அடக்கி வைக்கும். அதற்குக் கீழே முறிந்தால் அந்தத் தடுப்பு இல்லாததால், விழுந்த கணத்திலிருந்தே இரத்தம் தசைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சிறு கீறல் வழியே எலும்புக்குள் ஆணி செலுத்தும்போது காயம் சுத்தமாகத் தெரிந்தாலும், குடைந்த மஜ்ஜைக் குழாயின் கசிவு உள்ளேயே தங்கிவிடுகிறது.

வந்தவுடன் எடுக்கும் முதல் ஹீமோகுளோபினை நான் நம்புவதில்லை. எழுந்து போக முடியாதே என்று தண்ணீர் குடிக்காமலேயே கிடந்த முதியவரின் இரத்தம் செறிவாகி டெசிலிட்டருக்கு 11 கிராம் என்று காட்டும். டிரிப் ஏறிய மறுநாள் அதுவே 9 ஆகிவிடும். கட்டுப் போடுகிறவரிடம் போய், எண்ணெய்க் கட்டோடு ஒரு வாரம் படுத்திருந்துவிட்டு வருபவர்களின் நிலை இதைவிட மோசம்.

இனி உன் முக்கியமான சந்தேகம். பாட்டிக்கு இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் இருக்கிறது, அதில் இரத்தம் கட்டாமலிருக்கக் குளோபிடோக்ரல் சாப்பிடுகிறார், ஐந்து நாள் நிறுத்திவிட்டு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். பல் பிடுங்குவதையோ கண்புரை அறுவையையோ தள்ளிப்போடுவது போல இதைத் தள்ளிப்போட முடியாது. இந்த மாத்திரையால் கூடுதலாகச் சிந்தும் இரத்தத்தைவிட, படுக்கையிலேயே கிடப்பதால் வரும் நிமோனியாவும் படுக்கைப் புண்ணும் கால் சிரைகளில் கட்டும் இரத்தமும்தான் முதியவர்களை அதிகம் கொல்கின்றன. இயன்றால் 36 மணி நேரத்துக்குள், மிஞ்சினால் 48 மணி நேரத்துக்குள் அறுவை முடிந்துவிட வேண்டும். தண்டுவடத்தருகே இரத்தம் கட்டும் அபாயத்தால் முதுகில் மரப்பு ஊசி போடத் தயங்குவேன். முழு மயக்கம் கொடுப்பேன், அவ்வளவுதான். இரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரின் என்றால், வைட்டமின் கே கொடுத்து, உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு இறங்கியதும் தொடங்கலாம்.

மருந்துகளில் நான் பெரிதும் நம்புவது டிரானெக்ஸாமிக் அமிலத்தைத்தான். ஜப்பானின் ஒகாமோட்டோ தம்பதி கண்டறிந்து 1962இல் அறிவித்த இதை, மாதவிடாய்ப் பெரும்போக்குக்கு நீயே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பாய். இது புதிதாக இரத்தத்தை உறைய வைப்பதில்லை; உறைந்த இரத்தத்தைப் பிடித்து வைக்கும் ஃபைப்ரின் புரத வலையை, பிளாஸ்மின் என்னும் நொதி கரைத்துவிடாமல் காக்கிறது, அதனால்தான் மலிவான இம்மருந்து மறைவான கசிவையும் குறைக்கிறது. விபத்தில் காயம்பட்ட 20,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வின் விவரங்களை மறு ஆண்டு அலசியபோது, மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன் என்று தெரிந்தது. நம் பாட்டி அந்த நேரத்தைக் கடந்துதான் மலையிறங்குவார் என்றாலும், அறுவையே ஒரு புதிய காயம். கீறலுக்குச் சற்று முன் ஒரு கிராம் சிரைவழி கொடுத்தால் அந்தக் காயத்துக்கு உரிய நேரத்தில் கொடுத்ததாகிறது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், அண்மையில் ஸ்டென்ட் வைத்தவரிடமும் பக்கவாதம் வந்தவரிடமும் நின்று யோசிக்க வேண்டும். பாட்டிக்கு ஸ்டென்ட் வைத்தது எப்போது என்று நீ எழுதவில்லையே.

குளிரையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. உடல் வெப்பம் ஒரு டிகிரிக்கும் குறைவாக இறங்கினாலே இரத்த இழப்பு சுமார் 16 சதவீதம் கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அறுவை செய்பவருக்கு வியர்க்கிறது என்பதற்காக ஏசியை இறக்கி, மெலிந்த ஒரு கிழவியை ஒற்றைத் துணியோடு கிடத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். சூடான காற்றுப் போர்வையும் வெதுவெதுப்பான சலைனும் பெரிய செலவில்லை.

இத்தனைக்குப் பிறகும் இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். முன்பு ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போனாலே ஒரு பை தொங்கவிடுவோம். இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள 2,016 இடுப்பு முறிவு நோயாளிகளிடம் நடந்து 2011இல் வெளியான ஃபோகஸ் ஆய்வில், 8 வரை பொறுத்திருந்தவர்களும் 10இலேயே ஏற்றிக்கொண்டவர்களும் அறுபது நாள் கழித்து நடப்பதிலும் உயிர்பிழைத்திருப்பதிலும் வேறுபடவில்லை. ஆனாலும் நெஞ்சு வலித்தாலோ, எழுந்து உட்காரும்போது தலைசுற்றிச் சாய்ந்தாலோ, எண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க மாட்டேன்.

ஆகவே பாட்டியை உடனே அனுப்பிவிடு. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கால் ஆடாமலிருக்க இரு பக்கமும் தலையணை வைத்துக் கட்டு. வலிக்கு ஊசி போடு, ஒரு டிரிப் தொடங்கிவிடு. மாத்திரைச் சீட்டு, ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த தாள், கடைசி மாத்திரை எந்த நேரம் விழுங்கினார் என்ற குறிப்பு, இவை மூன்றும் கூடவே வர வேண்டும். இரத்தம் கொடுக்கக்கூடிய பேரன்மார் யாராவது இருந்தால் அவர்களையும் வண்டியில் ஏற்றிவிடு.

அன்புடன்,
கோமதி