பராகுவேயின் அந்த ஒரு பதக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். கொல்லையில் நட்ட முருங்கைப் போத்து துளிர்த்துவிட்டது, அதை உன்னிடம் சொல்லச் சொன்னாள் அம்மா.

போன வாரம் பேசும்போது, உன் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன் பராகுவேக்காரன் என்றாய். "நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது அந்த நாட்டைப் பத்தி ஏதோ சொல்லிக்கிட்டே இருப்பீங்களேப்பா, என்ன அது?" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2004-இல் நீ ஒன்றாம் வகுப்பு. அந்த வருஷம் ஜூலை 16, வெள்ளிக்கிழமை, நம் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்து 94 குழந்தைகள் போய்விட்டார்கள். அன்று நம் தெருவில் யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அம்மா உன்னைப் பத்து நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மறுத்துவிட்டாள். நான் வற்புறுத்தவும் இல்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பேப்பரின் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. பராகுவேயின் தலைநகரம் அசுன்சியோன். ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் தீ. பிள்ளைகுட்டிகளோடு சாமான் வாங்கவும் சாப்பிடவும் வந்திருந்த ஜனம். நானூறு பேர் வரை செத்துப்போனார்கள். பணம் கொடுக்காமல் யாரும் ஓடிவிடக் கூடாது என்று கதவுகளைச் சாத்திவிட்டார்கள் என்று பிழைத்து வந்தவர்கள் சொன்னார்கள். அந்தச் செய்தியை நான் உன் அம்மாவிடம் காட்டவில்லை. பேப்பரை மடித்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். அதற்கு முன்னால் பராகுவே என்றால் எனக்கு அந்த நாட்டுக் கால்பந்து கோல்கீப்பர் சிலாவெர்ட் மட்டும்தான். அன்றிலிருந்து அது வேறு மாதிரி ஆகிவிட்டது.

அதே மாதம் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் தொடங்கியது. கால்பந்தில் பராகுவே இருந்தது.

ஒலிம்பிக்ஸ் கால்பந்து உலகக் கோப்பை மாதிரி இல்லை. 1992-இலிருந்து அது 23 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கான ஆட்டம். 1996-இலிருந்து மூன்று பெரியவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். தென் அமெரிக்காவுக்குக் கிடைப்பது இரண்டே இடம். பிரேசிலும் அர்ஜென்டினாவும் இருக்கும் கண்டத்தில் இரண்டே இடம் என்றால் மற்ற நாடுகளின் பாட்டை யோசித்துப் பார். ஆனால் 2004 ஜனவரியில் சிலி நாட்டில் நடந்த தகுதிப் போட்டியின் கடைசி நாளில், ரொபீன்யோ, தியேகோ எல்லாம் ஆடிய பிரேசிலை பராகுவே 1-0 என்று தோற்கடித்தது. டிரா செய்திருந்தாலே பிரேசில் ஏதென்ஸ் போயிருக்கும். ஹோசே தெவாக்கா என்ற பையன் போட்ட அந்த ஒரு கோலில் பிரேசில் வீட்டுக்குப் போனது.

பராகுவே அணியின் மூன்று பெரியவர்கள் கார்லோஸ் கமார்ரா, ஹோசே கார்தோசோ, ஹூலியோ என்சிசோ. இதில் கமார்ராவைப் பற்றி உன் நண்பனிடம் அவசியம் பேசு. 1998 உலகக் கோப்பையில் பராகுவே ஆடிய நாலு மேட்சிலும் ஒரு ஃபவுல்கூடச் செய்யாத பேக் (பின்னால் நின்று தடுத்து ஆடுகிறவர்) என்று உலகமே பேசியது அவரைத்தான். நான் ஆடிய காலத்தில் பேக் என்றால் காலைப் பார்த்து அடிக்கிறவன் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இவர் பந்தை மட்டும் எடுப்பார். ஃபார்வர்டு கீழே விழமாட்டான், பந்து மட்டும் அவன் காலில் இருக்காது. அதைப் பார்த்துப் பார்த்து நான் மாய்ந்து போயிருக்கிறேன்.

1992 பார்சிலோனாவிலும் இதே கமார்ரா ஆடியிருக்கிறார். அப்போது அவருக்கு 21 வயது. அந்த அணி தோற்காமல் கால் இறுதி வரை வந்து, கானாவிடம் கூடுதல் நேரத்தில் 4-2 என்று தோற்றது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 33 வயதில், பையன்களைக் கூட்டிக்கொண்டு அவர் திரும்ப ஒலிம்பிக்ஸுக்கு வருகிறார்.

முதல் மேட்ச் ஜப்பானோடு. 4-3 என்று ஜெயித்தார்கள். அடுத்து கானா. மறுபடியும் கானாவிடம் தோல்வி, 2-1. சரி, முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாவது மேட்சில் இத்தாலியை 1-0 என்று அடித்துவிட்டார்கள். ஃப்ரெடி பரெய்ரோ போட்ட கோல். கால் இறுதியில் கொரியாவுக்கு எதிராக 3-0 என்று முன்னால் போய், கடைசியில் இரண்டு கோல் வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு 3-2. அரை இறுதியில் ஈராக். அந்த ஈராக் அணியின் கதையை இன்னொரு கடிதத்தில்தான் எழுத வேண்டும். போர் நடக்கும் நாட்டிலிருந்து வந்து அரை இறுதி வரை ஆடிய பிள்ளைகள். 3-1 என்று பராகுவே ஜெயித்தபோது எனக்கு முழுச் சந்தோஷம் வரவில்லை. கார்தோசோ இரண்டு கோல் போட்டார். மொத்தம் ஐந்து கோல் அவருக்கு, 33 வயதில்.

ஃபைனல் ஆகஸ்ட் 28, சனிக்கிழமை. ஏதென்ஸில் காலை பத்து மணிக்கே வைத்தார்கள். நமக்கு மதியம் பன்னிரண்டரை. தென் அமெரிக்க நாடுகள் இரண்டு ஒலிம்பிக்ஸ் ஃபைனலில் மோதுவது 1928-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. எதிரில் அர்ஜென்டினா: மஸ்கெரானோ, சவியோலா, டெவேஸ், பின்னால் அயாலாவும் ஹெயின்ஸேவும். பயிற்சியாளர் பியெல்சா. ஃபைனல் வரைக்கும் ஒரு கோல்கூட வாங்காத அணி.

உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. நீ என் மடியில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாய். 18-ஆவது நிமிஷம், வலது பக்கமிருந்து பந்து வந்தது, டெவேஸ் காலை நீட்டினான், கோல். அவ்வளவுதான். அப்புறம் எழுபது நிமிஷத்துக்கு மேல் ஓடியும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. 66-ஆவது நிமிஷத்தில் எமிலியோ மார்ட்டினெஸுக்கு ரெட் கார்டு. 82-இல் ஃபிகெரெதோவுக்கு. நீ டிவிக்குப் பக்கத்தில் போய் விரலால் எண்ணிவிட்டு வந்து, "அப்பா, ஒம்பது பேர்தான் இருக்காங்க" என்றாய். கையெல்லாம் தயிர், டிவி கண்ணாடியிலும் தயிர். அம்மா திட்டக்கூட இல்லை. ஒன்பது பேரும் கடைசி வரை ஓடினார்கள். 1-0 என்றே முடிந்தது.

அர்ஜென்டினாவுக்கு அதுதான் கால்பந்தில் முதல் ஒலிம்பிக்ஸ் தங்கம், அவர்களுக்கும் அது பெரிய நாள்தான். ஆனால் தம்பி, பராகுவே 1968-இல் முதல் தடவை ஒலிம்பிக்ஸுக்குப் போனது. அன்றிலிருந்து 2024 பாரிஸ் வரைக்கும் எல்லா விளையாட்டையும் சேர்த்து அந்த நாட்டுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் இந்த வெள்ளிதான். தடகளத்தில் இல்லை, நீச்சலில் இல்லை, வேறு எதிலும் இல்லை. அதுவும் எந்த மாதத்தில் வந்தது பார். தீ நடந்து 27 நாள். சாவு விழுந்த வீடுகளில் முப்பதாம் நாள்கூட ஆகவில்லை. அந்தப் பதினெட்டு பேரும் மேடையில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இதைப் போனில் சொல்லியிருந்தால் இப்போதும் அடைத்துக்கொண்டிருக்கும்.

அந்த அணியில் ஹூலியோ கொன்சாலெஸ் என்று ஒரு ஃபார்வர்டு. அடுத்த வருஷம் டிசம்பரில் இத்தாலியில் கார் விபத்து. இடது கையை எடுத்துவிட்டார்கள். 24 வயதுதான். விபத்துக்கு அப்புறமும் விடாமல் பயிற்சிக்குப் போனார் என்று படித்தேன். உன் நண்பனுக்கு அவரைத் தெரிந்திருக்கும், கேட்டு எழுது.

அதற்கப்புறம் இருபது வருஷம் பராகுவே ஒலிம்பிக்ஸ் கால்பந்துப் பக்கமே வரவில்லை. பெய்ஜிங், லண்டன், ரியோ, டோக்கியோ, எதிலும் இல்லை. தென் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைமையகமே அசுன்சியோனை ஒட்டிய லூக்கேயில்தான் இருக்கிறது. ஆனால் இடம் மட்டும் கிடைக்கவில்லை. 2024-இல் கிடைத்தது. யார் பயிற்சியாளர் என்று நினைக்கிறாய்? ஏதென்ஸில் வெள்ளி வாங்கிக் கொடுத்த அதே கார்லோஸ் ஹாரா சகியேர். இப்போது எழுபதைத் தாண்டியவர். அண்ணன் தம்பி ஏழு பேரும் கால்பந்து ஆடிய குடும்பம். இந்தத் தடவையும் தகுதிப் போட்டியில் அவர் பிள்ளைகள் பிரேசிலை 1-0 என்றே அடித்தார்கள், இந்தத் தடவையும் பிரேசில் ஒலிம்பிக்ஸுக்குப் போகவில்லை. இரண்டு முறை தொடர்ந்து தங்கம் வாங்கியிருந்த பிரேசில்!

பாரிஸில் முதல் மேட்சிலேயே ஜப்பானிடம் 5-0. சாதாரண அணியாக இருந்தால் அதோடு ஒடிந்திருக்கும். இவர்கள் இஸ்ரேலை 4-2, மாலியை 1-0 என்று ஜெயித்துக் கால் இறுதிக்கு வந்துவிட்டார்கள். ஆகஸ்ட் 2, நமக்கு இரவு பத்தரை மணி, எகிப்தோடு. தியேகோ கோமெஸ் 71-ஆவது நிமிஷத்தில் கோல் போட்டான். நான் அம்மாவை எழுப்பிக் கூட்டி வந்தேன். 88-ஆவது நிமிஷத்தில் எகிப்து திருப்பிக் கொடுத்தது. கூடுதல் நேரம், அப்புறம் பெனால்டி, 5-4 என்று தோல்வி. அம்மா ஒன்றும் பேசாமல் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

இவ்வளவுதான் கதை. உன் நண்பனுக்கு உன் வயதுதான் என்றாய். அப்படியென்றால் ஏதென்ஸ் ஃபைனலின்போது அவனுக்கும் ஆறு வயது. அவர்கள் ஊரில் அப்போது விடியற்காலை மூன்று மணி. அவன் அப்பா அவனை எழுப்பி உட்கார வைத்தாரா என்று கேள். கமார்ராவைப் பற்றிக் கேள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடு. அம்மா அனுப்பிய வத்தக்குழம்புப் பொடி இருக்கிறதல்லவா, காரத்தை மட்டும் குறைத்துக்கொள்.

ஆகஸ்ட் 1-ஐப் பற்றி மட்டும் நீயாகப் பேச்சு எடுக்காதே. நம் ஊர்க்காரர்களிடம் யாராவது திடீரென்று ஜூலை 16 பற்றிக் கேட்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அவனாகச் சொன்னால், செய்கிற வேலையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேள்.

அன்புடன்,
அப்பா