அந்தக் கொடியில் வேல்ஸ் எங்கே?

அன்புள்ள கயல்,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, அபெரிஸ்ட்வித் மழையும் அப்படியேதான்.

போன ஞாயிறு போனில் ஒன்று கேட்டாயே. லண்டன் ஆபீசில் உன்கூட வேலை பார்க்கிறவர்கள், "நீ வேல்ஸ்காரிதானே, உங்கள் ஊரில் அரச குடும்பம் என்றால் ஏன் ஆகாது?" என்று கேட்டார்கள், நீ சிரித்து மழுப்பிவிட்டாய் என்று. நானும் "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கர் இருந்தது என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, இதைப் பேசினால் என் அசட்டுத்தனம் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்பது.

2012 ஜூன் மாதம் உனக்கு நினைவிருக்கிறதா? எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்து 60 ஆண்டு. நான்கு நாள் சேர்ந்தாற்போல லீவு. டிவியில் லண்டன் தெருக்களில் மேசை போட்டு, கேக் வெட்டி, ஒரே கோலாகலம். நம் தெருவில் ஒரு பலூன்கூட இல்லை. நீ அழுதாய். எனக்கு மனசு கேட்கவில்லை. கடைக்குப் போய் பிரிட்டிஷ் கொடித் தோரணம் இரண்டு கட்டு வாங்கிவந்து, வாசல் வேலி முழுக்கக் கட்டிவிட்டேன். தெருவிலேயே நம் வீடு மட்டும் கல்யாண வீடு மாதிரி நின்றது.

பக்கத்து வீட்டு மாம்கீ (மாம்கீ என்றால் வெல்ஷில் பாட்டி, உனக்குத்தான் அவர் பாட்டி முறை, நான் கடைசிவரை "மேடம்" என்றுதான் கூப்பிட்டேன்) வெளியே வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உன்னைக் கூப்பிட்டு வெல்ஷில் என்னவோ கேட்டார். நீ தோரணத்தை ஒவ்வொரு கொடியாக உற்றுப் பார்த்தாய். பிறகு ஓடிவந்து, "அம்மா, இந்தக் கொடியில் வேல்ஸ் எங்கே?" என்று என்னிடம் கேட்டாய்.

இல்லையே! இங்கிலாந்தின் சிலுவை இருக்கிறது, ஸ்காட்லாந்தின் சிலுவை இருக்கிறது, 1801இல் அயர்லாந்தின் சிலுவையும் சேர்ந்தது. 1606இல் முதல் கொடியை வரைந்தபோது வேல்ஸைத் தனி நாடாகவே யாரும் எண்ணவில்லை. 1536லும் 1543லும் சட்டம் போட்டு இங்கிலாந்தோடு சேர்த்து முடித்திருந்தார்கள். வேல்ஸ் கொடியிலுள்ள சிவப்பு டிராகனுக்கு அதில் ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. அத்தனை வருஷம் இந்த ஊரில் நர்ஸ் வேலை பார்த்த எனக்கு இது தெரியாது. அன்று சாயங்காலமே தோரணத்தை அவிழ்த்தேன். "உங்கள் வீடு, உங்கள் இஷ்டம், இருக்கட்டும்" என்று அவர் தடுத்தார். எனக்குத்தான் கூச்சம். மறுநாள் கல்லில் சுட்ட வெல்ஷ் கேக் ஒரு தட்டு கொண்டுவந்தார். அன்றிலிருந்துதான் நாங்கள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம்.

ராணி என்ற மனுஷியின்மேல் அவருக்குக் கோபம் கிடையாது. 1966இல் அபெர்ஃபானில் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியதே, 116 குழந்தைகள் போனார்களே, அங்கே ராணி வந்து நின்றதைப் பற்றி மரியாதையாகத்தான் பேசுவார். அவருக்கு முள்ளாகக் குத்தியது ஒரு பட்டப் பெயர், 'வேல்ஸ் இளவரசர்'. அந்தப் பட்டத்தைத் தாங்கி வேல்ஸை ஆண்ட லுவெலின் 1282 டிசம்பர் 11 அன்று கில்மெரி என்ற ஊர் அருகே கொல்லப்பட்டார். தலையை லண்டனுக்குக் கொண்டுபோய்ப் பார்வைக்கு வைத்தார்கள். 1301இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு அதே பட்டத்தைத் தன் மகனுக்குக் கொடுத்தார். வீட்டைப் பிடித்தவன், வீட்டுக்காரன் பெயரையே தன் பிள்ளைக்கு வைத்த மாதிரி. அன்றுமுதல் அது இங்கிலாந்து அரச வாரிசுக்குரிய பட்டமாகிவிட்டது. ஒவ்வொரு டிசம்பரிலும் கில்மெரியில் லுவெலினின் நினைவுக்கல் முன்னால் இன்றும் கூடுகிறார்கள்.

1969 ஜூலை 1 அன்று கர்னார்வன் கோட்டையில் ராணியின் மகன் சார்லஸுக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டினார்கள். வேல்ஸ்காரர்களை அடக்க அந்த எட்வர்டு கட்டிய கோட்டையேதான். நான்கு வருஷம் முன்னால்தான் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத் தண்ணீருக்காக ட்ரவெரின் பள்ளத்தாக்கில் காபெல் கெலின் கிராமத்தை, கோயிலும் பள்ளிக்கூடமும் கல்லறையுமாக, முழுக அடித்திருந்தார்கள். அபெரைரன் போகும் சாலையில் சிவப்புச் சுவரில் 'ட்ரவெரினை மறக்காதீர்' என்று எழுதியிருக்குமே, காரில் போகும்போதெல்லாம் நீ சத்தமாகப் படிப்பாயே, அதுதான். அந்தப் புண் ஆறுமுன்னே விழா. பட்டத்துக்கு முன்னால் சார்லஸை இதே அபெரிஸ்ட்வித் கல்லூரியில் ஒரு பருவம் வெல்ஷ் படிக்க அனுப்பினார்கள். சொல்லிக்கொடுத்த டெடி மில்வர்ட் யார் தெரியுமா? ப்ளைட் கம்ரி என்ற வேல்ஸ் தேசியக் கட்சிக்காரர், தீவிர தேசியவாதி! இருவரும் நன்றாகத்தான் பழகினார்களாம். ஒரே பருவத்தில் சார்லஸ் வெல்ஷில் மேடையேறிப் பேசினார். எனக்கு இன்றுவரை பால்காரரிடம் நன்றி சொல்ல மட்டும்தான் வருகிறது, அது வேறு விஷயம்.

சார்லஸ் அப்படிப் பேச எழுந்ததும் அரங்கிலிருந்து இளைஞர்கள் சிலர் எழுந்து வெளியே நடந்தார்கள். மாம்கீ அதில் ஒருத்தி. அவருடைய அப்பாவோ பட்டமேற்பு விழாவைப் பார்க்கவென்று புது டிவி வாங்கினவர். "1485இல் இங்கிலாந்து அரியணையைப் பிடித்த ஹென்றி ட்யூடர் பெம்ப்ரோக்கில் பிறந்த நம்மாள், இது நம் குடும்பம்தான்" என்பாராம். அப்பாவும் மகளும் அந்தக் கோடை முழுக்க ஒரே மேசையில் பேசாமல் சாப்பிட்டார்கள். இதை உன் ஆபீஸ்காரர்களிடம் கட்டாயம் சொல். வேல்ஸ் என்றால் ஒரே குரல் இல்லை. தலைநகர் கார்டிஃபில் ராஜா வந்தால் கூட்டம் கூடத்தான் செய்கிறது.

குண்டு வைத்தவர்களும் இருந்தார்கள். பட்டம் சூட்டுவதற்கு முந்தைய இரவு அபெர்கெலேயில் இரண்டு பேர் தங்கள் குண்டிலேயே செத்தார்கள். கர்னார்வனில் வெடிக்காமல் கிடந்த இன்னொன்று சில நாள் கழித்து ஒரு சிறுவனைப் படுகாயப்படுத்தியது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் நான், இதற்கு எந்தச் சரித்திரத்தையும் சமாதானமாக ஏற்கமாட்டேன். மாம்கீயும் ஏற்கவில்லை.

அவர் சண்டையெல்லாம் காலண்டரோடுதான். மார்ச் 1 புனித டேவிட் நாளைப் பொது விடுமுறையாக்கச் சொல்லி 2000இல் வேல்ஸ் சட்டமன்றம் ஒருமனதாகக் கேட்டது. லண்டன் மறுத்தது. 2022இல் வடமேற்கு வேல்ஸின் குவினெத் கவுன்சில் பொறுக்கமாட்டாமல் தன் ஊழியர்களுக்குத் தானே லீவு கொடுத்தது. லண்டன் விட்ட லீவோ, அதே வருஷம் ராணியின் 70ஆம் ஆண்டுக்கு ஒரு நாள், அவர் இறுதிச் சடங்குக்கு ஒரு நாள், அடுத்த மே மாதம் முடிசூட்டலுக்கு ஒரு நாள். "எங்கள் நாளைக் கேட்டால் செலவாகும் என்கிறார்கள், அவர்கள் நாள் என்றால் செலவு கண்ணில் படுவதில்லை" என்பார்.

ராணி இறந்த மறுநாளே சார்லஸின் மகன் வில்லியமுக்கு வேல்ஸ் இளவரசர் பட்டம் அறிவித்தார்கள். இங்கே யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புது ராஜா சார்லஸ் கார்டிஃபுக்கு வந்தது செப்டம்பர் 16. 1400இல் அதே நாளில்தான் ஒவைன் க்ளின்டூர் தன்னை வேல்ஸ் இளவரசராக அறிவித்துக் கலகம் தொடங்கினார், வருஷாவருஷம் அதை இங்கே கொண்டாடுகிறார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று சிலர் கொதித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருக்கும் அது நினைவிலேயே இருந்திருக்காது. மாம்கீயிடம் அப்படிச் சொன்னேன். "அதைத்தானே நானும் சொல்கிறேன்" என்றார்.

அவர் இப்போது மகனோடு கார்டிஃபில் இருக்கிறார். வீட்டைக் காலி செய்தபோது, அவர் அப்பா வாங்கிய 1969 பட்டமேற்பு விழாக் கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, மகன் வீட்டுக்கு எடுத்துப் போகவும் பிடிக்கவில்லையாம். அடுப்படி ஜன்னலில் வைத்து அதில் கொத்தமல்லி விதை போட்டிருக்கிறேன், இரண்டு இலை விட்டிருக்கிறது.

மார்ச் 1க்கு வருவதாகச் சொன்னாயே, அது லீவு இல்லை. இப்போதே ஆபீசில் சொல்லி வை. வரும் வழியில் கார்டிஃபில் இறங்கி அவரைப் பார்த்துவிட்டு வா. போகும்போது டாஃபடில் பூ ஒரு கட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா