கடமான் கழுத்தில் இருப்பது காயம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைச்சாலையோரம் நிற்கும் ஓர் ஆண் கடமானின் படத்துடன், 'கழுத்தில் காயம், கண்ணீர் வடிக்கும் மான், பிடித்துச் சிகிச்சை தர மக்கள் கோரிக்கை' என்று தங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. அக்கறையோடு எழுதப்பட்டதுதான். ஆனால் அந்த மானுக்குச் சிகிச்சை தேவையில்லை. துரத்திப் பிடித்தால்தான் ஆபத்து.

கழுத்தின் அடிப்புறத்தில், நட்டநடுவே, முடி உதிர்ந்து சிவந்து ஈரமாகத் தெரியும் அந்த வட்டம் வளர்ந்த கடமான்களில் ஆண், பெண் இரண்டிலும் இதே இடத்தில் காணப்படுவது. இணைசேரும் காலத்தையொட்டி அதிகம் தெரியும். சில நேரம் ரத்தமும் கசியும். வாசனைச் சுரப்பி என்று ஒரு சாராரும், நுண்புழுத் தொற்று என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். எதுவானாலும் மான் வழக்கம்போல் மேயும், அசைபோடும், நடமாடும்.

உண்மையான காயம் வேறு மாதிரி இருக்கும். சுருக்குக் கம்பி இறுகியிருந்தால் புண் ஒரே வட்டமாக நிற்காது. கழுத்தைச் சுற்றிக் கோடாகப் பள்ளம் விழுந்திருக்கும். செந்நாய் கடித்திருந்தால் பின்தொடையையும் வயிற்றோரத்தையும் பாருங்கள். நொண்டுகிறதா, புண்ணில் புழு நெளிகிறதா, கூட்டம் நெருங்கியும் நகராமல் தலை தொங்கி நிற்கிறதா? அப்படியென்றால் உடனே வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அப்போதும் நாமே கயிறு வீசக் கூடாது. மிரண்டு ஓடிய மானுக்குத் தசைநார்கள் சிதைந்து, பிடிபட்ட சில நாள்கள் கழித்துக்கூட உயிர் போகும்.

'கண்ணீரும்' வலியால் வந்ததல்ல. கடமானின் கண்ணோரத்தில், மூக்குப் பக்கமாக, பெரிய சுரப்பிக் குழி இருக்கிறது. மிரளும்போது அது விரிந்து உட்புறம் வெளியே பிதுங்கும். முன்காலைத் தரையில் ஓங்கி மிதித்து, வாலைத் தூக்கினால் படம் எடுப்பவர் மிக அருகில் வந்துவிட்டார் என்று பொருள். பின்வாங்கிவிட வேண்டும்.

செய்தியின் உள்ளே ஓரிடத்தில் 'புள்ளிமான்' என்றும் இருந்தது. புள்ளிமான் ஆண் 100 கிலோவை எட்டுவதே அரிது. ஆண் கடமான் 200 முதல் 300 கிலோ வரை இருக்கும். தோள் உயரம் நாலு அடிக்கும் மேல். உடல் முழுக்கக் கரடுமுரடான கரும்பழுப்பு முடி, ஆணுக்குக் கழுத்தில் பிடரிபோல் அடர்ந்திருக்கும். அகன்ற காது, கறுத்த வால்.

கொம்பில் ஆறு முனை இருப்பதால் வயது ஆறு என்று எழுதியதும் தவறு. முதல் கொம்பு ஒற்றைக் குச்சிதான். அடுத்தடுத்து விழுந்து முளைத்து, பக்கத்துக்கு மூன்று முனை வந்தபின் பெரும்பாலும் எண்ணிக்கை கூடுவதில்லை. தடிமனும் நீளமும்தான் மாறும். வயதைப் பல் தேய்மானத்தில்தான் ஓரளவு கணிக்க முடியும். விழுந்த கொம்பு அழகாக இருக்கிறதென்று வீட்டுக்கு எடுத்து வருவோரும் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதுவும் குற்றம். கிடந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

பிடிக்கச் சொல்லி யாரும் அந்த மானைச் சூழ்வதற்கு முன், திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கூடலூர், நீலகிரி