சாமிக்கும் பேனர் கட்டோணுமா?

ஈரோடு
மார்கழி 12

அன்புள்ள மாப்ளைக்கு,

நலம். நீயும் தங்கச்சியும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசலாம்தான். ஆனால் நான் ஒன்று சொன்னால் உனக்கு வேறொன்று கேட்கிறது. நான் கத்தினால் எதிர்வீட்டுக்காரர் ஏதோ சண்டை என்று எட்டிப் பார்க்கிறார். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். மஞ்சள் மண்டியில் நாற்பது வருஷம் பேரேடு எழுதிய கை, ஆரம்பித்தால் நிற்காது. பொறுத்துக்கொள்.

இங்கே விசேஷம் பெரிதாக ஒன்றும் இல்லை. பனியோடு சேர்ந்து முட்டிவலியும் வந்துவிட்டது. உன் காட்டில் மஞ்சள் இலை பழுக்க ஆரம்பித்திருக்கும். இந்த வருஷமாவது வேக வைத்த சரக்கை நன்றாகக் காயப் போட்டு மூட்டை கட்டு. போன தடவை ஈரத்தோடு கொண்டுவந்து விலை போகாமல் நீ முனகியதை நான் இன்னும் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகையில் வியாழக்கிழமை மாட்டுச்சந்தைக்குக் கருங்கல்பாளையம் வந்தாயே, அன்றைக்கு டீக்கடையில் கேட்டாய்: "ராத்திரி ரெண்டு மணிக்கு உன்ர வூட்டுல லைட்டு எரியுதாமே, எந்திரிச்சு அப்படி என்னத்தக் கேக்கற?" கேட்பது அப்புறம்தான், முதலில் புகழ்வது என்றேன். நீ டீ புரையேறச் சிரித்தாய். "ஏன்டா, சாமிக்கும் பேனர் கட்டோணுமா?"

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் உனக்கு முன்னாலேயே நான் அதைக் கேட்டவன்.

நான் ராத்திரியில் எழ ஆரம்பித்தது பக்தியால் என்று நீ நினைத்தால் அது தப்பு. வெசனத்தால், கவலையால். என் மூத்த பையன் பெரியவன் திருப்பூரில் பவர் டேபிள் தையல் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துக்கொண்டிருந்தானே, சரக்கு வாங்கிய ஒருவர் பணம் தராமல் மாசக்கணக்கில் இழுத்தடித்தார். அந்த நாளில் எனக்குத் தூக்கம் போனது. புரண்டு படுப்பதற்கு எழுந்து தொழலாமே என்றுதான் எழுந்தேன். அந்தத் தொழுகைக்குப் பேர் தஹஜ்ஜுத். ஹுஜூத் என்றால் தூக்கம், தஹஜ்ஜுத் என்றால் அதை உதறி எழுவது. குர்ஆனில் பனீ இஸ்ராயீல் என்கிற அத்தியாயத்தின் 79வது வசனத்தில் நபிக்கே இட்ட கட்டளையாக வருகிறது. ராத்திரியின் கடைசி மூன்றில் ஒரு பங்கு அதற்கு மேலான நேரம். ஈரோட்டில் மார்கழியில் பொழுது சாய்ந்ததும் தொழுகிற மஃரிப் ஆறு மணி சுமாருக்கு, விடியலுக்கு முன் தொழுகிற சுபுஹு ஐந்தே காலுக்கு. மூன்றாக வகுத்துப் பார், கடைசிப் பங்கு ஒன்றரை மணி வாக்கில் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் "என்னை அழைப்பவன் உண்டா, நான் பதில் தர? என்னிடம் கேட்பவன் உண்டா, நான் கொடுக்க? மன்னிப்புத் தேடுபவன் உண்டா, நான் மன்னிக்க?" என்று இறைவன் சொல்வதாக, நபியின் சொற்களைத் தொகுத்த புகாரி, முஸ்லிம் என்கிற இரண்டு நூல்களிலும் ஹதீஸ், அதாவது நபிமொழி, இருக்கிறது. கேள் என்று அவனே சொல்லியிருக்க, எனக்கு வேறென்ன வேண்டும்? பேரேட்டில் வரவு எழுதுகிற மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று பட்டியல் போட்டுக் கேட்டேன்.

பள்ளிவாசலில் தொழ வைக்கிற ஹஜ்ரத்திடம் இதை ஒருநாள் சொன்னபோது அவர் நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு, "நபி எழுந்து நின்றதும் முதலில் என்ன சொன்னார்கள் என்று பாருங்க பாய்" என்று ஒரு துஆவை, அதாவது பிரார்த்தனையை, எழுதிக் கொடுத்தார். நபியின் தோழர் இப்னு அப்பாஸ் அறிவித்தது. அவர் சிறுபையனாக இருந்தபோது, நபியின் ராத்திரித் தொழுகையைப் பார்ப்பதற்காகவே நபியின் மனைவியான தன் சின்னம்மா மைமூனா நாயகி வீட்டில் ஒரு ராத்திரி தங்கியவர். நபி எழுந்து முகத்தில் இருந்த தூக்கத்தைத் துடைத்து, தொங்கிய தோல்பையிலிருந்து தண்ணீர் எடுத்து, தொழுகைக்குக் கை கால் முகம் கழுவுகிற ஒளு செய்து நின்றார்கள். பையனும் போய் இடதுபக்கம் நின்றான். நபி அவன் காதைப் பிடித்து வலதுபக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நம் தலைமை வாத்தியார் காதைப் பிடித்து வரிசையில் நிறுத்துவாரே, அது ஞாபகம் வந்தது. இது அவ்வளவு வலித்திருக்காது.

அந்த துஆ இப்படித் தொடங்குகிறது. "அல்லாஹும்ம லகல் ஹம்து, அன்த்த கய்யிமுஸ் ஸமாவாத்தி வல் அர்ழி வமன் ஃபீஹின்ன." இறைவா, உனக்கே புகழ். வானங்களையும் பூமியையும் அவற்றில் இருப்பவர்களையும் நிலைநிறுத்துகிறவன் நீ. அப்புறம் மறுபடி உனக்கே புகழ், அவற்றின் ஒளி நீ. மறுபடி உனக்கே புகழ், அவற்றின் அரசன் நீ. மறுபடி உனக்கே புகழ், நீ உண்மை, உன் வாக்கு உண்மை, உன்னைச் சந்திப்பது உண்மை, சொர்க்கம் உண்மை, நரகம் உண்மை என்று போகிறது.

படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மண்டிதான் தோன்றியது. அங்கே விற்க வந்தவன் சரக்கைப் புகழ்வான், வாங்க வந்தவன் விரலி மஞ்சளை ஒடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான். காரணமில்லாமல் ஒரு வார்த்தை புகழ்ச்சி நான் அங்கே கேட்டதில்லை. ஆக இதுவும் கேட்பதற்கு முன்னால் போடுகிற பீடிகை என்று நினைத்தேன். நீ பேனர் என்றாய், நான் பீடிகை என்றேன். இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் துஆவின் முடிவுக்கு வந்தபோது கணக்கு இடித்தது. இவ்வளவு புகழ்ந்துவிட்டுக் கடைசியில் கேட்பது என்ன? முன்னால் செய்தது, பின்னால் செய்வது, மறைவாகச் செய்தது, வெளிப்படையாகச் செய்தது எல்லாவற்றையும் மன்னித்துவிடு. அவ்வளவுதான். பணம் இல்லை, பிள்ளை இல்லை, எதிரியை அடக்கு என்பதும் இல்லை. பேனர் கட்டியவன் மேடையேறி மனுக் கொடுக்காமல், தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. எந்தக் கட்சிக்காரனாவது அப்படிச் செய்வானா?

அவனுக்குப் புகழ் தேவையா என்றால் அதற்கும் பதில் இருக்கிறது. உங்களில் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை எல்லாரும் உங்களிலேயே மிக நல்லவனின் மனசோடு இருந்தாலும் என் ஆட்சியில் அது எதையும் கூட்டிவிடாது என்று இறைவன் சொல்வதாக முஸ்லிமில் ஹதீஸ் வருகிறது. மனுஷனைப் புகழ்கிற விஷயத்திலோ நபி ரொம்பக் கறார். முகத்துக்கு நேரே புகழ்ந்து தள்ளுகிறவர்களைப் பார்த்தால் அவர்கள் முகத்தில் மண்ணைத் தூவுங்கள் என்றார்கள். நம் பக்கம் காதுகுத்துக்கு வைக்கிற பேனரைப் பார்த்தால் எத்தனை லோடு மண் வேண்டியிருக்குமோ!

அப்படியானால் இந்தப் புகழ் என்ன ரகம்? அது பிடிபட்டதும் மண்டியை வைத்துத்தான். காரணமில்லாமல் புகழ்ந்து நான் கேட்டதில்லை என்று மேலே எழுதினேன். அது பொய். ஒருவர் இருந்தார். மூட்டை தூக்குகிற பெரியவர், சிவகிரிப் பக்கத்துக்காரர். எப்போதாவது நல்ல விரலி வந்தால் ஒன்றை எடுத்து ஒடிப்பார். உள்ளே அந்த ஆரஞ்சு நிறம் தெரிந்ததும் மூக்கருகே கொண்டுபோய், "அட அட அட" என்பார். அவருக்கு அதில் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. சரக்கு நல்லதானாலும் மட்டமானாலும் கூலி ஒன்றுதான். ஒருநாள் முதலாளி, "உனக்கென்னய்யா இதுல?" என்று கேட்டார். "நல்லதப் பாத்தா சொல்லோணுமில்லீங்?" என்றார் அவர்.

மார்க்க அறிஞர்கள் ஹம்துக்கும் ஷுக்ருக்கும் வித்தியாசம் சொல்வார்கள். ஷுக்ர் என்றால் நன்றி. எனக்கு ஏதாவது கிடைத்திருக்க வேண்டும். ஹம்து அப்படியல்ல. எனக்குக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவன் அப்படிப்பட்டவன் என்பதற்காக, அன்போடு சொல்வது. பள்ளிவாசலில் எத்தனையோ பயான், பிரசங்கம் கேட்டும் மண்டையில் ஏறாதது, அந்தப் பெரியவரின் "அட அட அட" ஞாபகம் வந்ததும் ஏறியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தமிழ் வாத்தியாரிடம் இலக்கணத்துக்கு நீயும் நானும் ஒட்டுக்கா அடி வாங்கியவர்கள். 'லகல் ஹம்து' என்பதில் 'லக', அதாவது 'உனக்கு', முன்னால் வந்து நிற்கிறது. அரபியில் அப்படி முன்னால் கொண்டுவந்தால் வேறு யாருக்கும் இல்லை என்று பொருள். தமிழில் நமக்கு அந்தச் சிரமமே இல்லை, ஓர் ஏகாரம் போதும். உனக்குப் புகழ் என்றால் ஒன்று, உனக்கே புகழ் என்றால் வேறு. 2009இல் ஏ.ஆர். ரஹ்மான் ஆஸ்கர் மேடையில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்றாரே, அந்த ஏகாரம்தான். அத்தனை பேர் கைதட்டுகிற இடத்தில் அந்த ஓர் எழுத்து என்ன வேலை செய்கிறது பார்.

இந்த துஆவில் எனக்கு ரொம்பப் பிடித்தது கய்யிம் என்கிற வார்த்தை. ராத்திரித் தொழுகைக்குக் கியாமுல் லைல் என்று இன்னொரு பேர், இரவில் நிற்பது என்று பொருள். கியாம், கய்யிம் இரண்டுக்கும் வேர் ஒன்று. நிற்கிறவன் தன்னை நிறுத்தி வைத்திருப்பவனைப் புகழ்கிறான். தமிழிலும் நில், நிலம், நிலை, நிறுத்துவது எல்லாம் ஒரே குடும்பம்தானே? முட்டிவலியோடு நிற்கிறபோது இது வெறும் வார்த்தை விளையாட்டாகத் தெரிவதில்லை.

உங்கள் ஐயனை நினைத்துக்கொள்வேன். பள்ளிக்கூட லீவில் உன்னோடு வந்து தங்கியபோது, கீழ்பவானிக் கொப்பு வாய்க்காலில் உங்களுக்கு முறைத்தண்ணி நடுராத்திரியில் வந்தது. மம்முட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடையோரம் நின்றார். இருட்டில் முதல் தண்ணீர் சலசலவென்று வந்ததும் உடனே வயலுக்குத் திருப்பவில்லை. குனிந்து ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வந்துட்டியா ஆத்தா" என்றார். அப்புறம்தான் மடையைத் திறந்தார். அவர் தண்ணீரைக் கும்பிட்டார், நான் அதை விட்டவனைக் கும்பிடுகிறேன். அந்த வித்தியாசம் நமக்குள் எப்போதும் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் திறப்பதற்கு முன்னால் அவர் நின்ற அந்த நிமிஷம் எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது.

தொழுகையில் குனிந்து நிமிரும்போது ஒவ்வொரு தடவையும் "ஸமிஅல்லாஹு லிமன் ஹமிதஹ்" என்கிறோம். தன்னைப் புகழ்ந்தவனுக்கு அல்லாஹ் செவிசாய்த்தான் என்று பொருள். கேட்டவனுக்கு என்று இல்லை, புகழ்ந்தவனுக்கு. அறுபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் என் காதிலேயே விழுந்தது.

நபியின் மனைவி ஆயிஷா நாயகி சொன்ன ஒரு சம்பவமும் உண்டு. ஒரு ராத்திரி விழித்தபோது பக்கத்தில் நபியைக் காணோம். இருட்டில் துழாவிய கை அவர்களின் உள்ளங்காலில் பட்டது. பாதங்கள் நட்டு நிற்க, நெற்றி தரையில் பட சஜ்தாவில் இருந்தார்கள். அங்கே சொன்ன துஆவின் முடிவு: "லா உஹ்ஸீ ஸனாஅன் அலைக்க." உன்னைப் புகழ்வதை என்னால் எண்ணி முடிக்க முடியாது, நீ உன்னைப் புகழ்ந்துகொண்டபடியே நீ இருக்கிறாய். உஹ்ஸீ என்றால் எண்ணிக் கணக்கெடுப்பது. வாழ்நாள் முழுக்க அடியில் கூட்டுத்தொகை போட்டுக் கோடு கிழித்தவனுக்கு, கூட்ட முடியாத கணக்கு என்று ஒன்று இருப்பதே பெரிய ஆறுதல்.

போன ஆடியில் பெரியவன் மிஷின்களை விற்றுவிட்டான். உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது அன்று ராத்திரி. எழுந்து நின்றேன், 'லகல் ஹம்து' தொண்டையில் நின்றுவிட்டது. நன்றி என்று சொல்ல என்ன இருக்கிறது? ஐந்து நிமிஷம் சும்மா நின்றேன். பக்கத்துத் தெருவில் தறிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் அந்த மூட்டை தூக்குகிறவர் ஞாபகம் வந்தார். அத்தனை மூட்டையில் ஒரு விரலிகூட அவருக்குச் சொந்தமில்லை. சொல்லிவிட்டேன். குரல் சரியாக வரவில்லை, ஆனால் சொன்னேன். முடிந்தபிறகு வழக்கமான பட்டியலை எடுக்கப் பார்த்தேன். முதல் வரியே ஞாபகம் வரவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கடன்காரர் வந்தார், அது வேறு கதை. பெரியவன் இப்போது ஒரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறான். சம்பளம் சுமார். ராத்திரியில் நன்றாகத் தூங்குகிறான்.

உன்னை மாற்றுவதற்காக இதையெல்லாம் எழுதவில்லை, நீ கேட்டாய், எழுதினேன். தங்கச்சிக்கு என் சலாம் சொல். வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் உனக்கு எந்த ராத்திரி முறை என்று ஒரு வரி எழுது. அந்த நேரத்தில் நான் எப்படியும் விழித்துத்தான் இருப்பேன். அறச்சலூருக்கு அப்போது பஸ் இருக்காது, பேரனை வண்டியில் கொண்டுவந்து விடச் சொல்கிறேன். தொழுகை விரிப்பு முஸல்லாவை நான் எடுத்து வருகிறேன். நீ ஒரு பிளாஸ்க் டீ மட்டும் பார்த்துக்கொள், போன தடவை மாதிரி சர்க்கரை போட மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் மாப்ள