காட்டை வரைந்தவர் பெயரையும் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய கார்ட்டூன் படங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். கதை, பாட்டு, வால்ட் டிஸ்னியின் விடாமுயற்சி எல்லாவற்றையும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் முழுப் பக்கத்தில் ஓர் ஓவியரின் பெயர்கூட இல்லை. ஒவ்வொரு ஃபிரேமையும் மனிதர்கள் கையால் வரைந்த படங்கள் அவை. மனது கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சினிமா பேனர் கம்பெனியில் வேலை பார்த்தவன். ஃப்ளெக்ஸ் வந்து எங்கள் தூரிகைகளை ஓரங்கட்டும் வரை அதுதான் பிழைப்பு. ஹீரோ முகத்தை மாஸ்டர்தான் போடுவார். கட்டம் போடுவது, எழுத்து, பின்னணி இதெல்லாம் மற்றவர்கள் வேலை. எனக்குப் பெரும்பாலும் பின்னணிதான் கிடைக்கும். வானம், மலை, எரிகிற குடிசை என்று வருடக்கணக்கில் வரைந்ததில், எந்தப் படம் பார்த்தாலும் கண் முதலில் முகத்துக்குப் பின்னால்தான் போகும்.

போன கோடை விடுமுறையில் பேத்தியோடு உட்கார்ந்து டிஸ்னியின் 'பாம்பி' கார்ட்டூன் படம் பார்த்தேன். 1942-இல் வந்த படம். அவள் மான்குட்டியைப் பார்த்தாள், நான் காட்டைப் பார்த்தேன். உற்றுப் பார்த்தால் அந்தக் காட்டில் இலைகளே அதிகம் இல்லை. கொஞ்சம் பனி, இரண்டு மூன்று அடிமரங்கள், ஓரிடத்தில் விழும் வெளிச்சம். மற்றதெல்லாம் கரைந்து போய்விடுகிறது. ஆனாலும் மழை விட்ட காட்டுக்குள் நிற்பதுபோல் இருக்கிறது. இப்படி வரைய எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது பின்னணி வரைந்தவனுக்குத் தெரியும். தெரிந்ததையெல்லாம் வரைந்துவிடத்தான் கை துடிக்கும்.

அந்தக் காட்டுக்கு வழி காட்டியவர் டைரஸ் வாங். 1910-இல் சீனாவில் பிறந்து, சிறு பையனாக அப்பாவோடு அமெரிக்கா போனவர். மை வாங்க வசதியில்லாததால், தூரிகையைத் தண்ணீரில் தொட்டுப் பழைய செய்தித்தாளில் எழுதிப் பழகச் சொன்னாராம் அப்பா. 1938-இல் டிஸ்னி ஸ்டுடியோவில் அவருக்குக் கிடைத்தது அடிமட்ட வேலை. பெரிய அனிமேட்டர் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் வரைந்து தருவார், நடுவில் வர வேண்டிய படங்களை வரைந்து நிரப்ப வேண்டும். அந்தச் சமயத்தில் 'பாம்பி' குழுவுக்கு ஒரு தலைவலி. அதற்கு முந்தைய பாணியில் இலை இலையாகக் காட்டை வரைந்ததில், மான் அதற்குள் தொலைந்துபோனது. யாரும் கேட்காமலே வாங் சின்னச் சின்ன வண்ணப் படங்கள் வரைந்து காட்டினார். சீனாவில் சோங் அரச காலத்து ஓவியர்கள் மலையையும் மூடுபனியையும் வரைந்த முறை அது. வால்ட் டிஸ்னிக்குப் பிடித்துப்போனது. முழுப் படத்தின் தோற்றமும் அதன்படியே மாறியது.

ஆனால் டைட்டிலில் அவர் பெயர் பின்னணி ஓவியர்கள் பட்டியலில் ஒன்றாக வந்ததோடு சரி. 1941-இல் டிஸ்னி ஸ்டுடியோ ஊழியர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் அவர் சேரவே இல்லை, ஆனாலும் அதற்குப் பிறகு வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். டிஸ்னி நிறுவனம் அவரைக் கௌரவித்தது 2001-இல்தான். 2016-இல் 106 வயதில் காலமானார். அந்தக் காட்டைப் பார்த்து வளர்ந்த எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும்?

இதற்கு நேரெதிர் 1959-இல் வந்த டிஸ்னியின் 'ஸ்லீப்பிங் பியூட்டி'. அய்விண்ட் எர்ல் என்ற ஓவியர் பாணியை வகுத்தார். இடைக்கால ஐரோப்பாவில் கோட்டைச் சுவர்களில் தொங்கவிட்ட சித்திர நெசவுத் துணிகளும், அக்காலத்து ஓவியச் சுவடிகளும்தான் அவருக்கு ஆதாரம். மரங்கள் சதுரம் சதுரமாக வெட்டி வைத்ததுபோல் இருக்கும். நம் கலம்காரித் துணியைப் போல, கிட்டத்துப் பூவும் தூரத்து மரமும் ஒரே தெளிவோடு நிற்கும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் "பின்னணி முகத்தை முழுங்கக் கூடாதுடா" என்று எங்கள் மாஸ்டர் சொல்வார். இந்தப் படத்தின் பல காட்சிகளில் முழுங்கிவிடுகிறது. அங்கிருந்த அனிமேட்டர்களுக்கே அந்தக் குறை இருந்தது. முள்காடு எழும்பி வரும் கடைசிக் காட்சியில் மட்டும் பின்னணியும் ஆட்களும் ஒன்றாகிவிடுகிறார்கள். அந்த இடத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

இதெல்லாம் ஏதோ தூரதேசத்துச் சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். 'பாம்பி'யில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் இந்தியாவில் பிறந்தவர். 1956-இல் பம்பாயில் இருந்த மத்திய அரசின் படத்தயாரிப்பு அமைப்பான ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம் இளைஞர்களுக்கு அனிமேஷன் கற்றுக்கொடுத்தார். அடுத்த வருடம் அங்கே உருவான 'தி பேனியன் டீர்' ஒரு ஜாதகக் கதை, அதாவது புத்தரின் முற்பிறவிக் கதை. அதிலும் மான்தான்! ஆனால் இந்த மானுக்கு அஜந்தா சுவரோவியத்தின் கோடு. அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் ராம் மோகன், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டுப் போனவர். 1989-இல் 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினியோடு ஆடிப்பாடிய கார்ட்டூன் விலங்குகள் அவர் கைவண்ணம். அந்தப் படத்துக்கு நானும் பேனர் வரைந்தேன். அந்த விலங்குகளை வரைந்த கைக்கும் 'பாம்பி'க்கும் இப்படி ஓர் உறவு உண்டு என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கவனமாக வரைந்திருப்பேன்.

அப்புறம், ஜெர்மனியின் லோட்டே ரைனிகர். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, கைகால்களை மூட்டு வைத்து இணைத்து, நிழலுருவங்களாலேயே 1926-இல் ஒரு முழுநீளப் படம் கொடுத்தவர். மூன்று வருட உழைப்பு. நம் தோல்பாவைக் கூத்து பார்த்தவர்களுக்கு அந்தப் படம் உடனே பிடிபடும். அவருடைய உருவங்கள் கறுப்பு, நம் பாவைகளில் வெளிச்சம் ஊடுருவி நிறம் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். உங்கள் இணைப்பில் இந்த ஓவியர்களைப் பற்றி, வாரம் ஒருவராகவாவது எழுதுங்கள். எழுத்தோடு படத்தையும் வண்ணத்தில், பெரிதாகப் போடுங்கள். தபால்தலை அளவில் போட்டால் பனியும் வெளிச்சமும் தெரியாது. அந்த வரிசையில் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்து, 'அம்புலிமாமா'வில் விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தை ஏற்றிய சங்கர் அவர்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள். அவர் படம் அசையவில்லை என்றாலும், அடுத்த அடி எடுத்து வைக்கப் போகிறான் விக்கிரமன் என்றே சின்ன வயதில் நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.

வாங் கதையைக் கேட்டதிலிருந்து என் பேத்தியும் தூரிகையைத் தண்ணீரில் தொட்டு வரைகிறாள். உங்கள் ஞாயிறு இதழ்தான் அவளுக்குத் தாள்.

இப்படிக்கு,
பழைய பேனர் ஓவியன்,
இராயப்பேட்டை, சென்னை – 14.