கோமாளி மீன் விற்போர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்ண மீன்களுக்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூரில் கடல் மீன்களும் கிடைப்பதால், நன்னீர்த் தொட்டியோடு நின்றிருந்த பலர் இப்போது கடல்நீர்த் தொட்டியும் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்டு வாங்குவது, கடைகளில் 'நிமோ' என்று சொல்லப்படும் கோமாளி மீனைத்தான். சில வாரங்களுக்குள் ஒன்று மற்றொன்றைக் கடித்துக் குதறி, அடிபட்டது நோயில் விழுந்து செத்தால், தொட்டி ராசியில்லை என்று விற்றுவிடுகிறார்கள். அதே இழப்பு எனக்கும் நேர்ந்ததால் இதை எழுதுகிறேன்.

'ஜோடி' என்று சொல்லி, ஒரே அளவுள்ள இரண்டு பெரிய மீன்களைக் கடைக்காரர் எனக்குக் கொடுத்தார். எந்தக் கோமாளி மீனும் பெண்ணாகப் பிறப்பதில்லை. கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறுகிறது. அடுத்த பெரியது அதன் துணையாகிறது. மற்றவை குஞ்சு பொரிக்காமல், உருவத்திலும் சிறுத்து அடங்கியே இருக்கின்றன. பெண் இறந்தால் துணையாக இருந்த ஆண் பெண்ணாகும். பெண்ணானது ஒருபோதும் மீண்டும் ஆணாகாது. ஆகவே வளர்ந்த இரண்டும் பெண்ணாக அமைந்துவிட்டால், பெரும்பாலும் ஒன்று சாகும்வரை அடி ஓயாது. அளவில் நன்றாக வேறுபடும் இரு இளமீன்களைக் கொடுத்திருந்தால் பெரியது தலைமை ஏற்றிருக்கும், சிறியது பணிந்திருக்கும்.

சிறிய மீன் பெரியதன் முன்னால் பக்கவாட்டில் சாய்ந்து உடலை வெடவெடவென்று நடுக்குவதைப் பார்த்து, வலிப்பு என்று பயந்து மருந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அது நோயன்று, அடங்கிவிட்டேன் என்று காட்டும் குறி. அதைக் கண்டால் நிம்மதியடையலாம். என் தொட்டியில் அந்த நடுக்கத்தை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. தோற்ற மீன் துடுப்பு கிழிந்து, மேல் மூலையில் வடிகட்டிக்குப் பின்னால் ஒதுங்கி, இரைக்குக்கூட வராமல் நின்றது. கடிக்கும் மீனைப் பிடித்துத் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் விட்டு, அதே தொட்டிக்குள் ஒரு வாரமாவது விலக்கி வைத்திருக்க வேண்டும். பழகிவிடும் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் அடிபட்ட மீனின் உடலிலிருந்து வெள்ளைச் சளி படலம் படலமாக உரிந்து தொங்கியது. செவுள் படபடக்க மூச்சு வாங்கியது. கடையில் கேட்டபோது கல் உப்பு போடச் சொன்னார்கள். அது நன்னீர் மீனின் வெண்புள்ளி நோய்க்குச் செய்யும் கைவைத்தியம். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள நீரிலேயே வாழும் மீனுக்கு இன்னொரு பிடி உப்பால் பயனில்லை. பிறகு காப்பர் மருந்து கொடுத்தார்கள். உப்புத்தூள் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக வரும் கடல் வெண்புள்ளி நோய்க்கு அது கேட்கும். சளி உரியும் இந்த நோய்க்குக் காரணமான புரூக்கினெல்லா என்ற ஒட்டுண்ணிக்குக் கேட்காது. அதற்குத் தனித் தொட்டியில் ஃபார்மலின் குளியல் வேண்டும். அளவு தப்பினால் மீனையே கொல்லும், கையாள்பவருக்கும் நஞ்சான மருந்து அது. மறுநாள் அடிபட்ட மீன் செத்தது, இரண்டு நாள் கழித்துக் கடித்த மீனும் செத்தது. காப்பரைப் பெரிய தொட்டியிலேயே ஊற்றியதால், பாறையைப் பற்றியிருந்த கடல் சாமந்தி என்ற பூப்போன்ற உயிரி சுருங்கிக் கரைந்துபோனது.

கடலில் பிடிபட்டு, பையில் அடைபட்டு, பல கை மாறி வரும் மீன்களில்தான் இந்த ஒட்டுண்ணி மிகுதியாகக் காணப்படுகிறது. கோமாளி மீன்களைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நம் ஆராய்ச்சியாளர்கள் எப்போதோ கைவரப் பெற்றுவிட்டார்கள். எனவே விற்கும் மீன் பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்பதைக் கடைக்காரர்கள் சொல்ல வேண்டும். புதிதாக வந்ததை 30 நாளாவது தனியே வைத்துப் பார்த்த பிறகே விற்க வேண்டும். சளி நோயையும் புள்ளி நோயையும் பிரித்தறியும் படங்களோடும், ஃபார்மலின் அளவோடும், மீன்வளத் துறை அறிஞர்கள் தமிழில் ஒரு பக்கக் கையேடு எழுதித் தந்தால், அதைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வில்லிவாக்கம், சென்னை.